மூச்சு நின்றதில்லை என்று எழுதினேன்

என் மகளுக்கு வலிப்பு வரும்போது மூச்சு நின்றுவிடும். ஒருபோதும் நின்றதில்லை என்று மருத்துவமனைப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டவன் நான். தெரிந்தே எழுதினேன். எழுத்துகூட வழக்கம்போல் அழகாகவே விழுந்தது.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் என்மீது வெறுப்பு தோன்றியிருக்கும். தோன்றாவிட்டால் சற்றுப் பொறுங்கள்... தோன்றும்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டு வயது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். திருத்தணியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் பதினேழு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். ஆய்வுக்கூடத்தில் எந்த மாணவனாவது அளவீட்டை அழித்துத் திருத்தி எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்து வெளியே அனுப்புவேன். என் பெயரைச் சொன்னால் இன்றும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பெயரை நான் நேசித்தேன். பெற்ற மகளைவிட அதிகமாக நேசித்தேன் என்பது மிகத் தாமதமாகவே எனக்குத் தெரிந்தது.

மகள் லிடியா. முப்பத்தொரு வயது. அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் நூலகர். காலை ரயிலில் போவாள், மாலை ரயிலில் வருவாள். அவளுடைய தாய் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

ஆகவே, அவளுக்கு வலிப்பு வரும்போது பார்ப்பதற்கு என் கண்களைத் தவிர வேறு கண்கள் இல்லை. வலிப்புக் கண்டவளுக்கு அந்த நிமிடங்கள் இல்லவே இல்லை. விழித்தபின், 'என்ன நடந்தது?' என்று பிறரைத்தான் கேட்டாக வேண்டும். அந்தப் பிறர் நான்! அவள் வாழ்விலிருந்து கிழிந்துபோன பக்கங்களை எல்லாம் படித்துச் சொல்லும் ஒரே மனிதன் நான்!

அந்த மனிதன் பொய் சொன்னான்.

முதல் பொய் மூச்சைப் பற்றியதன்று. அது சபையில் பிறந்தது. லெந்து எனும் தவக்காலம் முடியும் பெரிய வெள்ளிக்கிழமை. மூன்று மணி நேர ஆராதனை. பாடகர் வரிசையில் நின்ற லிடியா பாட்டின் நடுவே முன்னிருந்த மர இருக்கையோடு சரிந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை. முழுச் சபையும் எழுந்து நின்றது.

"ஐயையோ, பாப்பாவுக்கு இன்னாச்சுங்க?" என்று பெண்கள் சங்கத்தின் எமிலி அக்கா ஓடிவந்தார்.

எனக்குப் பின்னால் ஒரு குரல்: "காத்து சேஷ்டையாட்டம் கீதே... எண்ண பூசி ஜெபிக்கலாமா?"

காற்றுச் சேஷ்டை, அதாவது பேய்! என் மகளுக்கா! இயற்பியல் பேராசிரியரின் வீட்டிலா! நான் திரும்பினேன். அந்தக் குரலை அடக்குவதற்கு எது கையில் கிடைத்ததோ அதை எடுத்து வீசினேன்.

"ஒண்ணும் இல்ல. லெந்து நாப்பது நாளும் உபவாசம் இருந்தா. மயக்கம். தள்ளுங்க, காத்து வரட்டும்."

அன்று காலை அவள் நான்கு இட்லிகள் சாப்பிட்டிருந்தாள்.

கூட்டம் உடனே அடங்கியது. அடங்கியது மட்டுமா? மரியாதை பிறந்தது! நாற்பது நாள் உபவாசம் இருந்த பெண்! அடுத்த வாரமே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை அவளே நடத்தவேண்டும் என்று எமிலி அக்கா வீட்டுக்கு வந்து கேட்டார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

லிடியா சிரித்தாள். "நான் வயிறு முட்டத் துன்னுட்டுப் போய்ப் பட்டினி ஜெபத்துல உக்காந்துக்கினு இருக்கணுமா, நைனா? நல்லா கீது உங்க நாயம்."

"சாப்பிடாமல் போ" என்றேன்.

கேட்டீர்களா? பொய்யை உண்மையாக்குவதற்கு அவளைப் பட்டினி போட்டேன். அதற்குள் அரக்கோணத்தில் ஒரு மருத்துவர் அவளுக்கு இருப்பது வலிப்பு நோய் என்று உறுதிசெய்து மாத்திரை எழுதியிருந்தார். வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரையை வெள்ளிதோறும் வாந்தி எடுத்தாள். சனிக்கிழமைகளில் வலிப்பு அதிகமாக வந்தது. காரணமும் விளைவும் என் கண்ணெதிரே கிடந்தன. நான் கவனிக்க மறுத்தேன்.

மாத்திரைகளுக்கு வலிப்பு அடங்கவில்லை. மாற்றினார்கள். புதியவற்றுக்கும் அடங்கவில்லை. கடைசியில் சென்னைக்கு அனுப்பினார்கள். சபையில், 'உறவினர் திருமணம்' என்று சொல்லிவிட்டுப் போனோம்.

சென்னையில் எங்களைப் பார்த்த மருத்துவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார். நான் பேராசிரியர் என்று அறிந்ததும் ஒரு தாளை எடுத்து மூளையை வரைந்தார். உள்ளே, காதுக்கு நேராக, பாதாம் பருப்பைப் போல ஒரு சிறு முடிச்சு. அச்சத்தின் இருப்பிடம் என்று நாம் படித்திருக்கிறோமே, அதுதான். சிலருக்கு வலிப்பு அந்த முடிச்சுக்குள் பரவும்போது மூச்சு நின்றுவிடுகிறதாம். நெஞ்சும் நுரையீரலும் நலமாக இருக்கும்; மூச்சு விடு என்ற கட்டளைதான் வராது.

"இதுல கொடுமை என்னன்னா, ஐயா, அவங்களுக்கு மூச்சுத் திணறலே தெரியாது. சில பேருக்கு நினைவு இருக்கும்போதே நிக்கும், அப்பக்கூடத் தெரியாது. பக்கத்துல இருக்கறவங்க சொன்னாத்தான் உண்டு."

வலிப்பு நோயாளிகள் சிலர் திடீரென்று இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்களாம். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவதற்காக மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு, மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் செலுத்துவார்கள். அவை உள்ளே இருக்கும்போதே குறிப்பிட்ட சில இடங்களுக்கு மிகக் குறைந்த மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த இடத்தைத் தூண்டினால் மூச்சு நிற்கிறது? எந்த இடத்தைத் தூண்டினால் நின்ற மூச்சு திரும்புகிறது? திருப்பும் இடம் உறுதியாகக் கிடைத்துவிட்டால், வலிப்பு வரும்போதே மூச்சை மீட்கும் ஒரு கருவியைப் பிற்காலத்தில் உருவாக்கலாம். அதுதான் ஆராய்ச்சி.

"உங்க பொண்ணு குணமாயிடுவாங்கன்னு நான் வாக்குக் குடுக்கல. இது இன்னும் தேடல்தான். ஆனா மூச்சு நிக்கறவங்களுக்கு இதவிட்டா இப்போதைக்கு என்கிட்ட பெரிசா ஒண்ணும் இல்ல" என்றார்.

மின்னோட்டம் எவ்வளவு, அதிர்வெண் எவ்வளவு, மின்முனை எந்த உலோகம்... நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சளைக்காமல் பதில் சொன்னார். சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த அரைமணி நேரம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மகளை மறந்துவிட்டு, நல்ல வகுப்பில் உட்கார்ந்த மாணவனைப்போல்!

பிறகு அவர் லிடியாவிடம் சொன்னார்: "துளை போடறதுக்கு முன்னாடி தலை முழுக்க ஷேவ் பண்ணிடுவோம்மா. முடி வளந்துடும், கவலைப்படாதீங்க."

"பரவால்ல, மேடம். எண்ணெய் மிச்சம்" என்று அவள் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என் ஊரை அறியாதவர்களுக்கு அந்தச் சிரிப்பில் என்ன அபாயம் என்று விளங்காது.

திருத்தணியில் மொட்டைத் தலைக்கு ஒரே ஒரு பொருள்தான். மலைமேல் முருகனுக்கு முடி கொடுத்திருக்கிறார்கள். சந்தனம் பூசிய தலையோடு ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பேருந்து நிலையத்தில் தேநீர் குடிப்பதை இந்த ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் வீடு நான்கு தலைமுறையாக அந்தக் கோயில் படியில் கால் வைக்காத வீடு. என் பாட்டனாரின் தந்தை தறி நெய்தவர். மிஷன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தப் பெருமையைப் பிரசங்கபீடத்தில் ஏறி நின்று நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டுப் பெண் மொட்டைத் தலையோடு ஆலயத்தில் வந்து நின்றால்? அறுவைச் சிகிச்சை என்று சொல்லலாமே என்பீர்கள். எதற்கு அறுவைச் சிகிச்சை? வலிப்பு என்றால், அந்த நாற்பது நாள் உபவாசம் எங்கே போயிற்று?

அது சபைத் தேர்தல் ஆண்டு. 'செயலாளர் ஐயா ஊட்டுப் பொண்ணு மலைக்குப் போய் முடி குடுத்துச்சாமே...' அந்த வாக்கியம் என் காதில் முழுதாக ஒலித்தது. யாரும் சொல்வதற்கு முன்பே!

ஆராய்ச்சியில் அவளைச் சேர்ப்பதா என்று முடிவுசெய்யும் படிவம் என் முன் இருந்தது. 'வலிப்பின்போது மூச்சு நிற்பதுண்டா? ஆம் எனில், எத்தனை நொடிகள்?'

எனக்குத் தெரியும். முதன்முறை கவனித்தபோது பதினேழு நொடிகள். பிறகு இருபத்தாறு. பிறகு நாற்பத்தொன்று. கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக் கணக்கிட்டவை. எங்கும் குறித்து வைக்கவில்லை. குறித்தால் அது சாட்சியாகிவிடும் அல்லவா? ஆயினும் மறக்கவில்லை. அளவீடுகளை நான் மறப்பதில்லை.

'இல்லை' என்று எழுதினேன்.

லிடியா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "எனக்கு மூச்சே நிக்கறதில்லையா, நைனா?"

"இல்லை."

"அப்பாடா!" என்றாள்.

அந்த 'அப்பாடா'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய ஒலி அது. அன்றிலிருந்து அவள் தனியே தூங்கத் தொடங்கினாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்தாள். ரயிலில் கதவருகே நின்று காற்று வாங்கினாள். நான் கொடுத்த தைரியம்! குளியலறைக்கு வெளியே, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் விழும் ஓசை நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செய்தித்தாளில் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு சொல்லின் பாவம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை. மருத்துவர் எச்சரிக்கையானவர். "எதுக்கும் மூணு நாள் இங்கயே வச்சு ஒரு வலிப்பை ரெக்கார்டு பண்ணிடலாம்" என்றார். தலையை மழிக்காமலே உச்சியெங்கும் கம்பிகளை ஒட்டினார்கள். மார்பைச் சுற்றி மூச்சை அளக்கும் பட்டை. விரலில் ஒரு கிளிப். சுவரில் காமிரா.

இரண்டாம் நாள் முற்பகலில் வலிப்பு வந்தது. நான் அவளைத் தாங்கக் குனிந்தேன். செவிலியர் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

மாலையில் மருத்துவர் பதிவுகளைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "பெல்ட் அலையே காட்டல. ஆனா அது இழுப்புல கீழே இறங்கியிருக்கு, நம்ப முடியாது. கிளிப்பும் கழண்டுடுச்சு. வீடியோல உங்க முதுகுதான், ஐயா, தெரியுது. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நின்னுச்சா?"

முப்பத்தைந்து நொடிகள் நின்றது.

"பட்டை நழுவியது. மூச்சு இருந்தது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். ஏதோ ஓர் ஐயம் அவருக்கு. அந்த ஐயத்தை அடித்து விரட்டியது யார் தெரியுமா? லிடியா!

"எங்க நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும், மேடம். முப்பது வருஷம் லேப்ல ரீடிங் எடுத்தவரு. மிஷின் தப்பு பண்ணாலும் அவரு பண்ண மாட்டாரு."

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகளைத் தாங்கத்தான் குனிந்தேன் என்று இரண்டு ஆண்டுகளாக எனக்கே சொல்லிவந்தேன். உங்களிடமாவது மெய்யைச் சொல்கிறேன். காமிரா எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். குனிவதற்குக் கட்டிலின் இரண்டு பக்கங்கள் இருந்தன...

சீ!

இந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். பள்ளி நூலகப் புத்தகங்களைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. அதை எட்ட உதைத்துவிட்டு அவளைப் பிடித்தேன். வலிப்பு அடங்கிற்று. மூச்சு வரவில்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதுகில் தட்டினேன். உதடுகள் நாவல்பழம்போல் கறுத்தன. முப்பது... நாற்பது... நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐம்பது... ஆண்டவரே! எண்ணுவதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அறுபது...

அறுபத்தெட்டாம் நொடியில் தொண்டையிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது. மூச்சு திரும்பியது.

அரைமணி கழித்துக் கண் திறந்தாள். "எதுக்கு நைனா அழுவுறீங்க? மூச்செல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றேன்.

அப்போதும் அதையே சொன்னேன்! உங்களுக்குப் பல் நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறதா? எனக்கும்தான்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனபின் சென்னை மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உடனே அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க. தனியா விடாதீங்க. மூச்சு திரும்பலன்னா எண்ணிக்கிட்டு நிக்காம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். குரலில் சினம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

"ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் சேத்துக்கிட்டுதான் இருக்கோம். ஆனா மண்டையில துளை போடறது சின்ன விஷயம் இல்ல. மாத்தி மாத்திச் சொல்ற ஒரு சாட்சியை வச்சு நான் அதைச் செய்ய மாட்டேன். பதிவு வேணும். முக்கியமா, அவங்க சம்மதம் வேணும்."

மாற்றி மாற்றிச் சொல்கிற சாட்சி! என் வாழ்நாளில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சொன்னது சரி.

அன்று மாலை லிடியா சமையலறையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். சபை, உபவாசம், படிவம், முடி, என் முதுகு, எல்லாம். ஒப்பிப்பதுபோல் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தட்டில் இருந்த காய்கள் தீர்ந்தபின் தலையைத் தூக்கினாள்.

"முடிக்காகவா?"

"ஆம்."

"டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்களா, இப்பிடிச் சொல்லச் சொல்லி?"

"இல்லையம்மா. நிற்கிறது. சனிக்கிழமை அறுபத்தெட்டு நொடிகள்..."

"நிறுத்துங்க, நைனா!" அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ரெண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைய நம்பிக்கினுதான் கண்ண மூடித் தூங்குறேன். எங்க போனாலும் 'நமக்கு மூச்சு நிக்காது'ன்னு சொல்லிக்கினுதான் போறேன். குடுத்ததும் நீங்க, புடுங்கிக்கினு போறதும் நீங்களா? அன்னிக்கு எழுதுனது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணு பொய்தானே? பொய் சொல்ற ஆளு பேச்சக் கேட்டுக்கினு நான் மண்டைல ஓட்ட போட்டுக்கணுமா?"



மறுநாள் கிருத்திகை. மலைப்பாதை முழுதும் காவடிக் கூட்டம். அவள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எனக்கு ஒன்றும் சொல்லாமல், காலையிலேயே வெளியே போனாள். கடைத்தெரு முழுதும் தேடினேன். ரயில் நிலையத்திலும் தேடினேன்.

பதினொன்றரை மணிக்குத் தெருமுனையில் வந்தாள். இடுப்பு வரை புரண்ட அந்தக் கூந்தல் இல்லை. மழித்த தலை. தலையெங்கும் ஈரச் சந்தனம். தள்ளுவண்டிக்காரரிடம் காய் வாங்கிக்கொண்டிருந்த எமிலி அக்கா, கையில் பிடித்த வெண்டைக்காயோடு அப்படியே நின்றுவிட்டார்.

லிடியா நேரே உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"முடிதானே கேட்டுச்சு உங்க மானம்? எடுத்துட்டேன். வரிசைல பக்கத்துல ஒரு அம்மா. பள்ளிப்பட்டு ஊராம், தறி ஓட்றவங்க. 'இன்னா வேண்டுதல் கண்ணு'ன்னு கேட்டாங்க. 'எங்க நைனா வாயில மெய் வரணும்'னேன். 'வரும் கண்ணு, கண்டிப்பா வரும்'னு அவங்களே சந்தனமும் பூசி உட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை.

"இப்ப மறைக்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. ஊரே பாத்துடுச்சு. சொல்லுங்க. எனக்கு மூச்சு நிக்குதா?"

"நிற்கிறது, அம்மா."

என் முகத்தையே பார்த்தாள். நான் கண்ணை விலக்கவில்லை. கையால் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்:

"நம்பணும்னுதான் மொட்ட போட்டுக்கினு வந்தேன். நம்ப முடியல, நைனா. அன்னிக்கு வெக்கப்பட்டுக்கினு சொன்னீங்க. இன்னிக்குப் பயந்துக்கினு சொல்றீங்க. கண்ணால பாத்தத எப்பதான் சொன்னீங்க?"

முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்களைக் கேள்வி கேட்டவன் நான். இப்படி ஒரு கேள்வி என்னால் கேட்க முடிந்ததில்லை.

"மறுபடியும் ஆஸ்பத்திரில போய்க் கம்பி மாட்டிக்கினு மூணு நாள் படுத்துக்கினு இருக்க என்னால ஆவாது. அடுத்த வாட்டி வந்தா போன்ல வீடியோ எடுங்க. மூஞ்சியும் நெஞ்சும் தெரியணும். நானே பாக்கறேன். நின்னுச்சுன்னா அடுத்த ரயிலுக்கே சென்னைக்குப் போலாம்."

படம் எடுத்து வாருங்கள் என்று அந்தச் சென்னை மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்த்த முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அநாகரிகம் என்று மறுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தலையோடு ஆலயத்துக்கு வந்தாள். முக்காடு போடவில்லை. ஆராதனை முடிந்ததும் எமிலி அக்கா என்னிடம் வந்தார். "ஐயா, பாப்பா மலைக்குப் போய் முடி குடுத்துச்சாமே, மெய்தானுங்களா?"

இரண்டு ஆண்டுகளாக எந்த வாக்கியத்துக்கு அஞ்சினேனோ, அதே வாக்கியம்! எனக்கு முன் லிடியாவே பதில் சொன்னாள்: "ஆங், மெய்தான்க்கா. எனக்கு வலிப்பு வருது. உபவாசம்லாம் ஒண்ணும் கெடையாது. அன்னிக்கு நாலு இட்லி துன்னேன்."

"அட, இன்னா கண்ணு நீ! எங்க மாமியாருக்கும் வந்துக்கினு இருந்துச்சு. சாவிக்கொத்து ஒண்ணு கையோட வச்சுக்க" என்றார் எமிலி அக்கா. சாவியால் ஒரு பயனும் இல்லை என்று லிடியா அவருக்கு விளக்கத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் பேச்சு வேறு யாரோ ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டது.

பத்து நிமிடம்! அவ்வளவுதான் அந்த மானத்தின் ஆயுள்! ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு சாவிக்கொத்து! இதற்கா என் மகளின் இரண்டு ஆண்டுகளை எடுத்தேன்? இதற்கா ஒவ்வொரு வலிப்பிலும் அவள் உயிரைப் பணயம் வைத்தேன்? ஆலயத்தின் சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. மோதிக்கொள்ளவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் நிமிர்ந்து நின்றேன். பார்த்தவர்கள், 'ஐயா எவ்வளவு கம்பீரம்' என்றிருப்பார்கள்.

செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். உடல்நிலை என்று காரணம் எழுதினேன். பாருங்கள்... அதிலும்கூட!

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவள் கதவை வெறுமனே சாத்திக்கொண்டு குளிக்கிறாள். பேசுகிறாள், சமைக்கிறாள், 'நைனா' என்றே கூப்பிடுகிறாள். ஆனால் இப்போதெல்லாம் நான் மணி சொன்னால் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள்.

நான் கைப்பேசியை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடக்கிறேன். ஒரு கையால் அவளை ஒருக்களிக்கச் செய்யவும் மறு கையால் படம் பிடிக்கவும் தலையணையை வைத்துப் பழகியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். எழுபத்திரண்டு வயதில் தலையணையோடு மல்லுக்கட்டுகிறேன்.

அரக்கோணத்து மருத்துவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறாள், பட்டினி இல்லை. பத்தொன்பது நாட்களாக வலிப்பு வரவில்லை. "பத்தொம்போது நாளாச்சாமே, ஸ்தோத்திரம்!" என்று நேற்று எமிலி அக்கா சொன்னார். நானும் தலையசைத்தேன். அப்போது என் நெஞ்சில் இருந்தது என்ன தெரியுமா? நன்றி என்று நினைக்கிறீர்களா?

ஏமாற்றம்! பெற்ற மகளுக்கு வலிப்பு வரவில்லையே என்ற ஏமாற்றம்! வந்தால்தானே படம்? மூச்சு நின்றால்தானே அவள் நம்புவாள்? நம்பினால்தானே சென்னைக்கு வருவாள்?

வரட்டும் என்று ஜெபிக்கிறேன். நிற்கட்டும் என்று ஜெபிக்கிறேன். படம் தெளிவாக விழுந்ததும் திரும்பிவிடட்டும் என்றும் ஜெபிக்கிறேன். எந்தத் தகப்பன் இப்படி ஒரு ஜெபத்தைச் செய்திருப்பான்? எந்தத் தெய்வம் இதைக் காது கொடுத்துக் கேட்கும்?

திரும்பாமல் போனால்...

நான் கடைசியில் சொன்னது உண்மை என்பதற்கு என் கையில் ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்து நம்புவதற்கு அவள் இருக்கமாட்டாள்.